பொல்லாத வண்டி

பாஸ், ஒரு சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு ‘அமெரிக்கன் கார்’னு மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. என்ன தெரியுது? நீளமான மூக்கு, சிவப்பு பெயின்ட், முன்பக்க கிரில்லில் பாயுற குதிரை... கரெக்டா? அதே குதிரைதான் என் ஹாஸ்டல் ரூம் சுவத்துலயும் ரெண்டு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு. 1964-ல் வந்த ஃபோர்டு மஸ்டாங். கீழ செலோ டேப் உரிஞ்சு ஒரு டயர் மட்டும் காத்துல ஆடும். ஆனாலும் கெத்து!

இதே டெஸ்ட்டை எங்க தாத்தாகிட்ட வெச்சா ரிசல்ட்டே வேற. கறுப்பா, ஒல்லியா, நெட்டக்குத்தலா, சாரட்டு வண்டியில குதிரையை அவுத்துட்டு இன்ஜினை மாட்டின மாதிரி ஒரு உருவம். ஃபோர்டு மாடல் டி. தாத்தா பாஷையில ‘டி மாடல்’. அந்தப் பேரைச் சொன்னதும் அவர் அடுத்துச் சொல்ற வார்த்தையும் எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். “அது பொல்லாத வண்டிலே!”

எங்க ஊர் சிவகிரி. ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல, இருபது கிலோமீட்டர் சொச்சம் வந்தா, வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை அப்படியே கூட வரும். அந்த மலை அடிவாரத்துல, ஒரு காலத்துல ஜமீனா இருந்த ஊர். நான் பொறந்தப்போ திருநெல்வேலி மாவட்டம், 2019-ல இருந்து தென்காசி மாவட்டம். காரை ‘ப்ளஷர்’னு சொல்ற தலைமுறையில ரெண்டு மூணு பேர் இன்னும் எங்க ஊர் டீக்கடை பெஞ்சுல இருக்காங்க. லாரி சரக்குக்கு, பஸ் சனங்களுக்கு, சும்மா ஜாலியா போறதுக்குன்னே ஒரு வண்டி இருந்தா அது ‘ப்ளஷர் கார்’. இங்கிலீஷ்காரன் விட்டுட்டுப் போன வார்த்தையை எங்க ஊர் பெருசுங்க பத்திரமா வெச்சிருக்காங்க.

இந்த ரெண்டு காரையும் பத்தி எழுதறேன்னு நான் ஒத்துக்கிட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஐந்தாவது செமஸ்டர்ல நானும் என் பார்ட்னரும் இதே தலைப்புலதான் செமினார் எடுத்தோம். அதுல நான் பண்ணின ஒரு வேலையை உங்ககிட்ட சொல்லியே ஆகணும். முதல்ல காரைப் பாத்துடலாம். அது ஈஸி.

எல்லாருக்கும் ஒரே கார்!

மாடல் டி வந்தது 1908 அக்டோபர்ல. அதுக்கு முன்னாடி கார்ங்கறது பணக்கார வீட்டு பொம்மை. ஹென்றி ஃபோர்டு யோசிச்சது விவசாயிக்கு. மேடு பள்ளம், சேறு சகதி எல்லாத்துலயும் போகணும், ரிப்பேர் ஆனா சம்சாரியே ஸ்பேனர் எடுத்து சரி பண்ணிக்கணும். ஆரம்ப விலை 850 டாலர். நம்ம ஊர்ல எந்தப் பொருளும் வருஷம் ஆக ஆக விலை ஏறும்தானே? இது இறங்குச்சு. 1920-களின் நடுவுல 300 டாலருக்கும் கீழ வந்துடுச்சு.

எப்படின்னு கேட்டா, புரொடக்‌ஷன் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வரும் அதே பதில்தான்: நகரும் அசெம்பிளி லைன். 1913-ல ஹைலேண்ட் பார்க் ஃபேக்டரியில, ஆளை வண்டிகிட்ட அனுப்பாம வண்டியை ஆள்கிட்ட அனுப்பினாங்க. ஒரு சேஸிஸை அசெம்பிள் பண்ண பன்னிரண்டரை மணி நேரம் ஆன இடத்துல, ஒன்றரை மணி நேரமா குறைஞ்சது. ஒரே போல்ட்டை நாள் முழுக்க முடுக்கிக்கிட்டே இருந்தா மனுஷன் என்னத்துக்கு ஆவான்? வேலைக்காரங்க ஓட ஆரம்பிச்சாங்க. அதனால 1914 ஜனவரியில தினக்கூலி 5 டாலர்னு அறிவிச்சாங்க. அந்த வருஷத்துல இருந்து 1925 வரைக்கும் கறுப்பு கலர் மட்டும்தான். யூனிஃபார்ம் போட்ட பள்ளிக்கூடம் மாதிரி! 1927-ல நிறுத்தும்போது மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டி.

நம்ம பக்கத்துக்கு இது எப்படி வந்துச்சு? அமெரிக்காவுல வலது பக்க ஸ்டீயரிங் கிடையாது இல்லையா... பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்கு வண்டி அனுப்பினது கனடாவுல இருந்த ஃபோர்டு. அந்தக் கனடா கம்பெனியோட பிள்ளையா 1926-ல இந்திய ஃபோர்டு கம்பெனி ஆரம்பமாச்சு. பம்பாய், கல்கத்தா, அப்புறம் நம்ம மெட்ராஸ்ல பாகங்களை இறக்கி வண்டியா மாட்டினாங்க. ‘இங்கேயே தயாரிச்சா இரு, சும்மா மாட்டி விக்கறதா இருந்தா கிளம்பு’ன்னு சுதந்திரத்துக்கு அப்புறம் அரசாங்கம் சட்டம் போட, 1950-களின் நடுவுல ஃபோர்டும் கிளம்புச்சு, பம்பாயில செவர்லே மாட்டிக்கிட்டு இருந்த ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்புச்சு.

ஆளுக்கு ஒரு கார்!

மஸ்டாங் கதை அப்படியே தலைகீழ். 1964 ஏப்ரல் 17, நியூயார்க் உலகக் கண்காட்சி. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் பொறந்த குழந்தைங்க எல்லாம் அப்பதான் காலேஜ் வாசல்ல நிக்கறாங்க. நம்ம வயசுப் பசங்க! ‘அப்பா ஓட்டுற கார் எனக்கு வேணாம்’னு சொல்ற அந்தக் கூட்டத்தைக் குறி வெச்சவர், ஃபோர்டு பிரிவோட தலைவரா இருந்த லீ அயகோக்கா.

உள்ளே பார்த்தா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல பாஸ். ஃபால்கன்னு ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருந்த ஒரு சாதுவான குடும்ப காரோட பாகங்கள்தான் அடியில. மேல போட்ட சட்டைதான் புதுசு. விலை 2,368 டாலர். அந்த விலைக்கு ஆறு சிலிண்டர் இன்ஜின், மூணு கியர். அதுக்கு மேல வி-8 வேணுமா, நாலு கியர் வேணுமா, ஆட்டோமேட்டிக் வேணுமா, என்ன கலர், எந்த சீட்டு... புரோட்டாக் கடையில ‘சால்னா தனியா, வெங்காயம் அதிகமா’ன்னு சொல்ற மாதிரி அவங்கவங்க இஷ்டம். முதல் நாளே 22,000 ஆர்டர். முதல் வருஷத்துலயே நாலு லட்சத்துக்கு மேல வித்துச்சு.

அந்த நேரத்துல நம்ம ஊர் ரோட்டுல அம்பாசடர், ஃபியட், மெட்ராஸ் பக்கத்துல வண்டலூர்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு... அவ்வளவுதான். அதுக்கே வருஷக்கணக்குல வெயிட்டிங். மஸ்டாங் முறைப்படி இந்தியாவுல விற்பனைக்கு வந்தது 2016-ல. விலை 65 லட்சம் ரூபாய் பக்கம். வலது பக்க ஸ்டீயரிங்கோட மஸ்டாங்கை ஃபேக்டரியிலயே செய்ய ஆரம்பிச்சதே 2015-லதான். மறைமலை நகர் ஃபேக்டரியில 2022-ல உற்பத்தி நிக்கிற வரைக்கும் ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட்னு எத்தனையோ வண்டி வந்துச்சு. மஸ்டாங் மட்டும் அந்த கேட்டுல இருந்து வந்ததே இல்ல. எனக்கு அது போஸ்டர்தான். பரவால்ல.

ஒரே சைஸ் இன்ஜின்... அஞ்சு மடங்கு பவர்!

இப்ப மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. மத்த டிபார்ட்மென்ட் மக்கள் ஒரே ஒரு பாரா பொறுத்துக்கோங்க.

மாடல் டி இன்ஜின் 2.9 லிட்டர், நாலு சிலிண்டர். பவர் 20 குதிரைத் திறன். முதல் மஸ்டாங்கோட ஆரம்ப ஆறு சிலிண்டர் இன்ஜின் 2.8 லிட்டர். பவர் 101 குதிரை. சைஸ் இன்னும் கொஞ்சம் சின்னது, ஆனா பவர் அஞ்சு மடங்கு! இந்த ஐம்பத்தாறு வருஷத்துல என்னதான் நடந்துச்சு?

கணக்கு போட்டுப் பாருங்க. மாடல் டி அந்த 20 குதிரையைக் கொடுக்கறது நிமிஷத்துக்கு 1,600 சுத்துல. மஸ்டாங் 101-ஐக் கொடுக்கறது 4,400 சுத்துல. வேகம் மட்டுமே 2.75 மடங்கு. மீதி இருக்கற 1.8 மடங்கு, ஒவ்வொரு சுத்துலயும் கிடைக்கிற திருப்பு விசையில இருந்து வருது. ரெண்டையும் பெருக்குங்க, அஞ்சு வந்துடும். அந்த விசை கூடினதுக்கு முக்கியக் காரணம் அழுத்தம். மாடல் டி தன் பெட்ரோல்-காத்துக் கலவையை நாலு, நாலரை பங்குதான் நசுக்கும். மஸ்டாங் 8.7 பங்கு நசுக்கும். அந்தக் காலப் பெட்ரோலை அவ்வளவு நசுக்கினா தானாவே வெடிச்சு இன்ஜினை அடிக்கும். நல்ல பெட்ரோல் வந்தப்புறம்தான் நல்ல இன்ஜின் வந்துச்சு.

இந்தக் கணக்கு எங்க செமினார்ல செம ஹிட். நான்தான் சொன்னேன். கைதட்டல் கூட விழுந்துச்சு. அதுக்கு அடுத்த நிமிஷம்தான் சறுக்கினேன்.

கடைசி பெஞ்சு ஓரமா நின்னுக்கிட்டு இருந்த சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மாடல் டி-யில ஃபியூயல் பம்ப் எங்கே இருக்கு?”

எங்க ஸ்லைடுல, மஸ்டாங்ல எப்படியோ அப்படியேன்னு நினைச்சு, ‘இன்ஜினால் இயங்கும் பம்ப்’னு போட்டிருந்தேன். ஆமா, போட்டது நான். முதல் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, பாக்காமலே. சார் சிரிச்சார். “மாடல் டி-யில பம்ப்பே கிடையாதுப்பா. பம்ப் இல்லாம பெட்ரோல் எப்படிப் போகும்? மலை ஏறும்போது என்ன ஆகும்?”

எனக்குத் தெரியல. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். என் வாயில இருந்து வந்தது இதுதான்: “அந்த ஸ்லைடு அவன் பண்ணினது சார்.”

பார்ட்னர் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரே ஒரு செகண்ட். அப்புறம் தரையைப் பார்த்தான். ஒண்ணும் சொல்லல. இன்டர்னல் மார்க் வந்துச்சு. இருபதுக்கு எனக்கு 16. அவனுக்கு 11.

அன்னிக்கு ராத்திரி மெஸ்ல அவன் எனக்கும் சேர்த்து தட்டு எடுத்துட்டு வந்தான், வழக்கம் போல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

திண்ணையில் ஒரு வைவா

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திண்ணையில தாத்தா. வயசு எண்பத்திரண்டு. டம்ளரை இடது கையிலதான் பிடிப்பார். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலா, உள்பக்கமா திரும்பி இருக்கும். சின்ன வயசுல ‘டி மாடல்’ உதைச்சு எலும்பு முறிஞ்சு, நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வெச்சுக் கட்டினது கோணலா ஒட்டிக்கிச்சு. இது எங்க வீட்டுக்கே தெரிஞ்ச கதை. அந்தக் கையால ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்க முடியாம மெக்கானிக் வேலையை விட்டார். சிவகிரியில வாடகை சைக்கிள் கடை போட்டார். அந்தக் கடைதான் எங்க அப்பாவைப் படிக்க வெச்சு வாத்தியார் ஆக்குச்சு.

சும்மா பேச்சுக் கொடுக்கலாம்னு கேட்டேன். “தாத்தா, டி மாடல்ல பெட்ரோல் டேங்க் எங்க இருக்கும்?”

“முன் சீட்டுக்கு அடியிலய்யா. சீட்டைத் தூக்கிட்டுத்தான் பெட்ரோல் ஊத்தணும். எவ்வளவு இருக்குன்னு குச்சி விட்டுப் பாக்கணும்.”

“பம்ப் இல்லாம எப்படி இன்ஜினுக்குப் போகும்?”

“தண்ணி எப்படி வாய்க்கால்ல ஓடுது? மேல இருந்து கீழ. அம்புட்டுத்தான்.”

“அப்ப ஏத்தத்துல?”

தாத்தா சிரிச்சார். “ஏத்தத்துல மூக்கு மேல போயிரும்லா, டேங்க் கீழ போயிரும். பெட்ரோல் கம்மியா இருந்தா இன்ஜின் நின்னுரும். அதுக்குத்தான் வண்டியத் திருப்பிப் போட்டு ரிவர்ஸ்லயே ஏத்துறது. செங்கோட்டை தாண்டி, புளியரை மேட்டுல அப்படித்தான் ஏத்துவோம்னு எங்க டிரைவர் அண்ணாச்சி சொல்லுவாரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் நெட்ல பார்த்தா இன்னொரு காரணமும் இருக்கு. மாடல் டி-யில லோ கியரைவிட ரிவர்ஸ் கியருக்குத்தான் இழுவை அதிகம். லோ கியர் 2.75-க்கு 1, ரிவர்ஸ் 4-க்கு 1. எங்க சார் கேட்ட கேள்விக்குப் பதில், நான் நடந்து பழகின திண்ணையிலயே இருபது வருஷமா உட்கார்ந்திருந்திருக்கு. நான்தான் கேட்கல.

குஷியாகி லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து மாடல் டி உள்பக்க போட்டோவைக் காட்டினேன். கீழ மூணு பெடல். இப்ப இருக்கற கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர்னு நினைச்சுடாதீங்க. இடது பெடலை முழுசா மிதிச்சா லோ கியர், பாதி மிதிச்சா நியூட்ரல், விட்டா டாப் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். அப்ப ஆக்ஸிலேட்டர்? காலுக்குக் கிடையாது, கைக்கு! ஸ்டீயரிங் அடியில ரெண்டு பக்கமும் மீசை மாதிரி ரெண்டு லிவர். மஸ்டாங் ஓட்டுறவனை இதுல உட்கார வெச்சா முதல் பத்து அடியிலயே சுவத்துல முட்டுவான்.

தாத்தா ஸ்கிரீன்கிட்ட குனிஞ்சார். கோணல் விரலால வலது மீசையைத் தொட்டார். “இது பெட்ரோல்.” இடது மீசைக்கு விரல் வந்துச்சு. அங்கேயே நின்னுடுச்சு. “இது ஸ்பார்க்.”

ரொம்ப நேரம் பேசல. அப்புறம் எங்க வீட்டுல யாருக்குமே தெரியாத கதையைச் சொன்னார்.

அந்த லிவர்

அதுக்கு முன்னாடி அந்த இடது லிவர் என்னன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். பெட்ரோல் கலவை எரிஞ்சு முடிய ஒரு சின்ன நேரம் ஆகும். இன்ஜின் வேகமா சுத்தும்போது, பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே தீப்பொறி விழுந்தாத்தான் கரெக்டா இருக்கும். ஆனா கையால ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் மெதுவா சுத்தும். அப்ப தீப்பொறி முன்னாடியே விழுந்தா, ஏறிக்கிட்டு இருக்கற பிஸ்டனை அது கீழே தள்ளும். இன்ஜின் பின்பக்கமா சுத்தும். ஹேண்டில் கையை உதைக்கும். அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த லிவரை மேல தள்ளி வைக்கணும். ஓட ஆரம்பிச்சப்புறம் கீழே இறக்கிக்கணும். ஹேண்டிலை இடது கையால, கீழ இருந்து மேல இழுக்கணும், கட்டை விரல் மத்த விரலோட சேர்ந்தே இருக்கணும். இதெல்லாம் அந்தக் காலத்து டிரைவர்களுக்கு மந்திரம் மாதிரி.

மஸ்டாங்ல? சாவியைத் திருப்பினா முடிஞ்சுது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்தும், தீப்பொறியை எப்ப விடணும்னு டிஸ்ட்ரிபியூட்டரே பாத்துக்கும். கேடிலாக் காருக்கு 1912-லயே எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்துடுச்சு. மாடல் டி-க்கு 1919-லதான் வந்துச்சு. தாத்தா பார்த்த வண்டியில அது இல்ல.

அப்ப தாத்தாவுக்கு வயசு பதினாலு. ராஜபாளையம் பக்கம் ஒரு பட்டறையில கையாளு. முதலாளிகிட்ட ஒரு பழைய டி மாடல். கூரையை மடிச்சுத் திறந்து விடலாம். முகூர்த்த நாள்ல மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் போகும். ஓட்டுறது டிரைவர் அண்ணாச்சி. ஹேண்டில் போடுறது தாத்தா.

“தை மாசம். பந்தியில எலை போட்டுட்டாங்கன்னு அண்ணாச்சி சாப்பிடப் போனாரு. போறதுக்கு முன்னாடி லிவரை மேல தள்ளிட்டுத்தான் போனாரு. நான் என் கண்ணால பாத்தேன். அப்புறம் நான் ஏறி சீட்டுல உக்காந்தேன்லே. ஊரே பாக்குது. சோட்டுப் பையங்க எல்லாம் சுத்தி நிக்குதானுவ. நானும் டிரைவர் மாதிரி லிவரை மேலயும் கீழயும் இழுத்துக் காமிச்சேன்...”

மாப்பிள்ளை வீட்டுக்காரர் யாரோ ‘நேரமாச்சு, வண்டிய எடுப்பா’ன்னு சத்தம் போட்டிருக்காங்க. அண்ணாச்சி வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வெச்சு சபாஷ் வாங்கிடலாம்னு தாத்தா இறங்கி ஓடியிருக்கார். ஹேண்டிலைப் பிடிச்சிருக்கார், அவசரத்துல வலது கையால. லிவர் கீழேயே இருந்துச்சு.

“சத்தம்தான் கேட்டுச்சு. வலி அப்புறம்தான் வந்துச்சு. பந்தல்ல படுக்கப் போட்டாங்க. முதலாளி வந்து அண்ணாச்சியை அறைஞ்சாரு. ‘லிவரை இறக்கி வெச்சுட்டு சோறு திங்கப் போயிட்டியா, ஒரு பயலோட கைய ஒடிச்சுட்டியே’ன்னு கேட்டாரு. அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிட்டாரு.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா தாத்தா?”

“அண்ணாச்சி என்னைப் பாத்தாரு. அவருக்குத் தெரியும்லே, யாரு செஞ்சதுன்னு. ஒரு வார்த்தை சொல்லல. நானும் சொல்லல.”

கை ஓரளவு சரியானப்புறம் தாத்தா அவரைத் தேடிப் போயிருக்கார். புனலூர் பக்கம் வேலைக்குப் போயிட்டதா சொன்னாங்களாம். அங்கேயும் போய்ப் பார்த்திருக்கார். கிடைக்கல.

“வண்டி பொல்லாத வண்டி இல்லய்யா,” என்றார் தாத்தா. “நாந்தான் அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

உள்ளே அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் எழுந்திருக்கல.

எது பெஸ்ட்?

ரெண்டு காரை ஒப்பிட்டு எழுதினா கடைசியில ஒரு தீர்ப்பு சொல்லணும்ல? சொல்றேன்.

வேகம், அழகு, சொகுசு... எல்லாத்துலயும் மஸ்டாங்தான். அதைவிடப் பெரிய விஷயம், மஸ்டாங் மன்னிக்கும். நீங்க மறந்தா அதுவே பாத்துக்கும். மாடல் டி மன்னிக்காது. பெட்ரோலா, தீப்பொறியா, பிரேக்கா, எல்லாத்தையும் உங்க கையிலயே கொடுத்துடும். நீங்க பண்ணினது உடனே உங்க கைக்கே திரும்பி வரும். ஒண்ணு மட்டும் ரெண்டு வண்டிக்குமே பொதுவு. தப்பு யார் மேலன்னு வண்டி சொல்லாது. அதை நாமதான் சொல்லணும்.

திங்கட்கிழமை காலையில ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னேன். காலு கிடுகிடுன்னு ஆடுச்சு. சார்கிட்ட சொன்னேன், “சார், அந்த பம்ப் ஸ்லைடு நான் பண்ணினது.” அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். “சரி, இப்பவாவது பதில் தெரியுமா?” டேங்க், வாய்க்கால், புளியரை மேடு எல்லாத்தையும் சொன்னேன். “இதை யாருப்பா சொன்னா?” “தாத்தா சார்.” “அவர்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாமே.” அவ்வளவுதான்.

மார்க்கை இன்னும் அனுப்பலையாம். மாத்தினார். பார்ட்னருக்கு 15 ஆச்சு. எனக்கு 12. ரிவர்ஸ்ல ஏறின கதைக்காக ஒரு மார்க் சேர்த்துப் போட்டிருப்பார்னு நினைக்கறேன், கேட்கல.

பார்ட்னர்கிட்ட சொல்றதுதான் அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு. மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தான். சொன்னேன். ஈரத் துண்டை உதறிக்கிட்டே கேட்டான். “ஏன் மச்சி, பதினொரு நாள் கழிச்சு?” நாள் கணக்கு அவன்கிட்ட இருந்துச்சு. எனக்கு அதுதான் சுருக்னு குத்துச்சு. ராத்திரி மெஸ்ல தட்டு எடுக்க நான் முன்னாடி போயிட்டேன். அவனுக்கும் சேர்த்து.

நீங்களும் எங்கேயாவது ஒரு லிவரைக் கீழே இறக்கி வெச்சிருந்தீங்கன்னா, உங்க ஆள் பக்கத்து ரூம்லதான் இருப்பான். எங்க தாத்தா புனலூர் வரைக்கும் போயும் பார்க்க முடியல.

போன தடவை ஊருக்குப் போனப்போ மஸ்டாங் போஸ்டரைச் சுருட்டி எடுத்துட்டுப் போய் தாத்தாகிட்ட காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, குதிரை, மூக்கு, டயர்னு ஒவ்வொண்ணா தடவித் தடவிப் பார்த்தார். நல்லாத்தான் இருக்குன்னு தலையாட்டினார். அப்புறம் சந்தேகமா கேட்டார்.

“ஏய்யா, இதுல குச்சியை எங்ஙன விடணும்?”